சோத்துக் கையால் வாங்கியது

அன்றைக்கு முகாமில் மருத்துவரின் மேசைக்கு முன்னால் நான் ஏன் வாயைத் திறந்தேன்? பழக்கம் என்று சொல்லிப் பார்க்கிறேன். வெளியிடங்களில் பேசாமல் நிற்பதும் என் பழக்கம்தானே.

என் மகளுக்கு ஐந்து வயது. பிறந்தபோது மூச்சுத் திணறியதில் மூளையில் பாதிப்பு. வலது காலை இழுத்து நடப்பாள். வலது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருக்கும். விரல்கள் மூடியே இருக்கும். வாரம் இரண்டு நாள் பெரியபட்டினத்திலிருந்து ராமநாதபுரத்துக்குப் பஸ்ஸில் கூட்டிப் போய்ப் பிசியோதெரபி கொடுக்கிறோம். என் கணவர் சவூதியில் ஒரு வீட்டில் டிரைவர். சம்பளம் வராத மாதங்களும் உண்டு. அந்த மாதங்களில் பயிற்சி நிற்கும், விரல்கள் மறுபடி இறுகிவிடும். அதனால்தான் மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு மாதந்தோறும் தரும் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். அதற்கென நடத்தும் முகாமில் மருத்துவர் பார்த்து, பாதிப்பு எத்தனை சதவீதம் என்று எழுதித் தர வேண்டும். கடுமையான பாதிப்பு என்று எழுதினால் பணம் வரும். குறைத்து எழுதினால் அடையாள அட்டை மட்டும்தான்.

எங்கள் வீட்டில் இடது கையால் சாப்பிடுவதோ எதையும் வாங்குவதோ கிடையாது. மகள் இடது கையால் பிஸ்கட்டை எடுத்தால் மாமி, அதாவது என் கணவரின் உம்மா, திட்ட மாட்டார். முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதைப் பார்க்க முடியாமல் தினமும் மகளின் வலது கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பேரீச்சம்பழம், சோப்பு, பென்சில் என்று எதையாவது பிடிக்கச் சொல்வேன். எட்டு மாதம் ஆனது. பத்துத் தடவையில் ஒரு தடவை பிடிப்பாள். மற்றதெல்லாம் கீழே விழும்.

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. எல்லாச் சான்றிதழ்களிலும் மூன்று நகல் எடுத்துக் கோப்பில் அடுக்கியிருந்தேன். மகளுக்குப் பெருநாளுக்கு எடுத்த பாவாடை சட்டை போட்டிருந்தேன். வரிசையில் எங்களுக்கு முன்னால், சிக்கல் ஊர்ப் பக்கமிருந்து மாமனாரைக் கூட்டி வந்த ஓர் அக்கா நின்றார். மகளை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன தாயி, பொண்ணு பாக்க வாராகளா? இம்புட்டு சோடிச்சுக் கூட்டியாந்திருக்க.”

“டாக்டரப் பாக்கப் போறோம்ல அக்கா, அதான்.”

“எங்க மாமாவப் பாரு. வீட்டுல வெத்தல இடிச்சுப் போட்டுக்கிட்டு ஊரு வம்பு பூராம் பேசுவாரு. இங்கன வந்ததும் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டாரு. நான் ஒன்னும் சொல்லிக் குடுக்கல.”

“பேசாம நில்லு. வாயி, வாயி உனக்கு” என்றார் பெரியவர், தலையைத் தூக்காமலே.

அக்கா என் காதருகே குனிந்தார். “உள்ள போனா நீ வாயத் தொறக்காத. பிள்ளைய அது பாட்டுக்கு விட்டுரு.”

நான் தலையாட்டினேன்.

மருத்துவர் பொறுமையானவர்தான். மகளை நடக்கச் சொன்னார், முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு தன் பேனாவை நீட்டி, “இந்தாம்மா, பிடி” என்றார். மகள் இடது கையை நீட்டினாள்.

“சோத்துக் கையால வாங்கும்மா” என்றேன்.

அவள் இடது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். வலது கை நெஞ்சிலிருந்து மெல்லப் பிரிந்து வந்தது. அதற்கே வெகு நேரம் ஆனது. “பிஸ்மி” என்று, சாப்பிடும் முன் சொல்வதுபோல முணுமுணுத்தாள். பேனா கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நின்றது. விழவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“வெரி குட். வீட்ல நல்லாப் பயிற்சி குடுத்திருக்கீங்க” என்று சொல்லிவிட்டு மருத்துவர் எழுதத் தொடங்கினார்.

மற்ற ஒன்பது தடவையும் விழும் என்று அப்போது சொல்லியிருக்கலாம். அவர் பாராட்டிக்கொண்டிருந்தார். “தேங்க்ஸ் சார்” என்றேன்.

வெளியே இருந்த அலுவலர் தாளைப் பார்த்தார். “கார்டு வந்துரும்மா. மாசப் பணத்துக்கு இது பத்தாது. வேணும்னா அடுத்த முகாம்ல மறுபடி பாக்கச் சொல்லி மனு குடுங்க.” அங்கேயே நின்று, அடித்தல் திருத்தல் இல்லாமல் மனு எழுதிக் கொடுத்தேன். சிக்கல் அக்கா என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன்.

“நீ படிச்சவளா?”

“பி.எஸ்சி. அக்கா.”

“அதான்” என்றார்.

பஸ்ஸில் மகள் தூங்கிவிட்டாள். எனக்கு எதுவும் தோன்றவில்லை. கோப்பைத் திறந்து, தாள்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்தேன். மறுபடி பார்த்தேன்.

வீட்டில் மாமி நடந்ததைக் கேட்டார். “நாலு பேருக்கு முன்னால சோத்துக் கையால வாங்குனாளா? அல்ஹம்துலில்லாஹ்” என்று பேத்தியின் வாயில் சீனி போட்டார். பக்கத்து வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. போனில் கணவர், “பரவால்ல, விடு” என்றார். பிறகு, “டாக்டருக்கிட்ட நீ ஒன்னும் சொல்லலையே?” என்று கேட்டார்.

“இல்லங்க” என்றேன். உண்மையை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

அடுத்த முகாம் நோன்புப் பெருநாள் முடிந்து வருகிறது. இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை, பிசியோதெரபிக்கும் போகவில்லை. மகள் இப்போது எதைக் கொடுத்தாலும் வலது கையைத்தான் நீட்டுகிறாள். விழுந்தால் அவளே எடுத்து மறுபடி கொடுக்கச் சொல்கிறாள். நேற்று அவள் விரல்களைப் பிரித்துவிட உட்கார்ந்தேன். முகாம் முடியட்டுமே என்று ஒரு நினைப்பு வந்தது. எண்ணெய் பாட்டிலை மூடி வைத்துவிட்டேன். அப்படி நினைத்ததற்கு எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இதைப் படிப்பவர்களில் இப்படியொரு முகாமுக்குப் பிள்ளையைக் கூட்டிப் போனவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். பத்தில் ஒன்பது தடவை விழுவதை வீடியோ எடுத்துக் காட்டினால் மருத்துவர் பார்ப்பாரா? பிசியோதெரபி கொடுப்பவரிடம் கடிதம் வாங்கிப் போனால் ஏற்றுக்கொள்வார்களா? அதுவரை விரல்களைப் பிரித்துவிடலாமா, அப்படியே விட்டு வைப்பதா? மகளிடம் என்ன சொல்லிக் கூட்டிப் போக வேண்டும் என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.