முயல்குட்டிக்கு விரித்த துணி

2024 ஜூலை 11, வியாழக்கிழமை. தண்ணீர் விடும் நாள் என்பதால் ஐந்து மணிக்கே எழுந்தேன். டிரம்மையும் குடங்களையும் நிரப்பி, வாசல் தெளித்து, இட்லி ஊற்றி வைத்தேன். பனியன் கம்பெனியில் தைத்து வரும் உருப்படிகளை அளவு பார்ப்பது என் வேலை. எட்டேகாலுக்கு வேன் வரும். அதற்கு முன் ஹால் மூலையில் குனிந்து முயல்குட்டிகளுக்குத் தண்ணீர் மாற்றுவதும் ஒரு மாதமாக என் காலை வேலைகளில் சேர்ந்திருந்தது.

வெள்ளைக்குட்டி எப்போதும்போல் ஓடி வந்து கிண்ணத்தை முட்டியது. சாம்பல் குட்டி வரவில்லை. அட்டைப்பெட்டிக்குள் முதுகைக் குறுக்கி உட்கார்ந்திருந்தது. அதற்குப் போட்ட அருகம்புல் அப்படியே கிடந்தது.

"ஏம்புள்ள, இது நேத்திருந்தே சரியில்ல" என்றார் என் கணவர். எனக்கு முன்பே எழுந்து தரையில் உட்கார்ந்திருக்கிறார்.

"காத்துக்குச் சளி புடிச்சிருக்குமுங்க. சாயங்காலம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வேன் ஏறினேன். அன்று மார்பளவு எழுத வேண்டிய இடத்தில் கையளவை எழுதினேன். எனக்கு அப்படி ஆவதில்லை.

அவர் பனியன் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். முந்தின வருடம் வெட்டும் மெஷினின் பிளேடு இழுத்ததில் வலது கையில் மூன்று விரல்கள் முழுதாக மடங்காமல் போயின. புண் ஆறியது. ஆனால் அவர் வெளியே போவதை விட்டுவிட்டார். பகலெல்லாம் கோரைப்பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். விரல்களுக்கு வேலை கொடுங்கள் என்று டாக்டர் கொடுத்த ரப்பர் பந்து கட்டிலுக்கடியில் உருண்டு அங்கேயே நின்றுவிட்டது. இந்த நிலையில்தான் குன்னத்தூர்ப் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போய்த் திரும்பும்போது, சந்தையில் கூடையோடு வைத்திருந்த முயல்குட்டிகளைப் பார்த்து இரண்டை வாங்கினேன்.

"வளக்கவா, கொழம்புக்காங்க அக்கா?" என்று கேட்டான் விற்றவன்.

"வளக்கத்தானுங்க."

"எல்லாரும் இப்ப அப்படித்தான் சொல்லுவீங்க. நாலு மாசங்கழிச்சு இங்கயே வந்து மசாலாப் பக்குவம் கேப்பீங்க."

கூடையை ஹாலில் இறக்கியதும் அவர் எழுந்து உட்கார்ந்தார். "எங்க வெக்கப்போற?" என்றார். பால்கனியில் பூனை வரும், மதியத்தில் தளம் கொதிக்கும். அதனால் உள்ளேதான் என்று அவரே முடிவு செய்தார். பிரவுன் பேப்பரை விரித்து, பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவிலிருந்த இடத்தை நாலடிக்கு மூன்றடி என்று சாக்பீஸால் வரைந்தார். கம்பி வலையை அந்த அளவுக்கு நறுக்கி நிறுத்தினார். எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து இரண்டு வாசல் வெட்டினார். ஒரு குட்டி வழியை மறித்தால் மற்றது அடுத்த வாசலில் வெளியேற வேண்டுமாம். ஃப்ரிட்ஜ் வயரையும் ஃபேன் வயரையும் பைப்புக்குள் செருகினார். விரல்கள் மடங்காததால் கத்தரியை இடது கையில் பிடித்தார். நேரமாயிற்று, ஆனால் கோடு கோணவில்லை.

கீழ்வீட்டு ஓனரம்மா படியேறி வந்து பார்த்தார். "ஏனுங்க தம்பி, ஊட்டுக்குள்ள ஆளு காலு நீட்ட எடமில்ல. முயலுக்கு ரெண்டு வாசல் வெச்சு ஊடு கட்டியிருக்கறீங்க. வாடகை நானு தனியா வாங்கோணுமா?"

"வாங்கிக்குங்கக்கா. அட்வான்ஸ் மட்டும் கேக்காதீங்க" என்றார் அவர். பல மாதங்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் கேலி அது.

டைல்ஸ் தரையில் குட்டிகளின் கால் வழுக்கியது. அதற்காகத்தான் அவர் வெளியே போனார். இரண்டு தெரு தள்ளி இருக்கும் நண்பரின் பனியன் ஷெட்டுக்கு நடந்துபோய், கட்டிங் போக மிஞ்சிய துணித்துண்டுகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்து வலைக்குள் விரித்தார்.

"கொழந்தைக்கிப் போடற துணி, புள்ள. தொட்டுப் பாரு. இதவிட மெத்து எங்க கெடைக்கும்?"

என் டைரியில் அன்று ஒரே வரிதான் எழுதினேன். 'வெளியே போய் வந்தார்.'

வியாழக்கிழமை சாயங்காலம் நான் திரும்பியபோது சாம்பல் குட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. புழுக்கை விழ அதன் பக்கம் வைத்திருந்த தட்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. கூடையில் வைத்து ஆட்டோ பிடித்தோம். கால்நடை டாக்டர் அதன் வயிற்றை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"என்னென்ன குடுக்கறீங்க?"

அருகம்புல், கேரட் தழை, கொஞ்சம் தீவனம், எந்த வேளைக்கு எவ்வளவு என்று எல்லாம் சொன்னேன்.

"வேற எதையாச்சும் கடிச்சுதுங்களா? வயரு, பிளாஸ்டிக்கு, பெயிண்ட்டு?"

"இல்லீங்க சார். வயரெல்லாம் பைப்புக்குள்ள இருக்குதுங்க. பிளாஸ்டிக் ஒண்ணும் உள்ளார வெக்கலைங்க."

ஊசி போட்டு, சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். "கொடலு நின்னுபோச்சுங்க அம்மா. தண்ணி ஊட்டுங்க, வயித்த நீவி விடுங்க. காலைக்குள்ள புழுக்கை போடோணும். போடலைன்னா ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

திரும்பும்போது ஆட்டோவில் என் கணவர் கூடையை மடியில் வைத்திருந்தார். "சந்தையிலயே உட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார்.

"இந்நேரம் கொழம்பாயிருக்குமுங்க."

அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, மடங்காத விரல்களால் சிரிஞ்சை அழுத்தி அழுத்தித் தண்ணீர் ஊட்டினார். பாதி வெளியே வழிந்தது. வயிற்றை நீவினார். பிறகு குட்டியைப் பெட்டிக்குள் விட்டுவிட்டு, போய்ப் பாயில் படுத்தார். சுவரைப் பார்த்து. இந்தக் குட்டி போனால் இவர் திரும்ப எழுந்திருக்க மாட்டார் என்று நினைத்தபடியே படுத்தேன்.

விடிந்ததும் பல்கூட விளக்காமல் சாம்பல் குட்டியின் தட்டைப் போய்ப் பார்த்தேன். சின்னச் சின்னதாக நான்கைந்து புழுக்கைகள். தனித்தனியாக இல்லை, ஒரே நூலில் மணி கோத்ததுபோல் தொங்கின. கருநீல நூல். இழுத்தேன், நீண்டது. பெட்டிக்குள் கிடந்த கருநீலத் துண்டை எடுத்துப் பார்த்தேன். ஓரம் முழுக்கக் கொறித்திருந்தது.

டாக்டரிடம் நான் சொன்னது எதுவும் பொய்யில்லை. துணியைச் சொல்லவேண்டும் என்றே தோன்றவில்லை. எங்கள் ஊரில் வண்டி துடைப்பதும் துணி, தலையணைக்குள் இருப்பதும் துணி, கதவு அடிக்காமலிருக்கச் செருகுவதும் துணி. அதை ஒரு பொருளாக யாரும் எண்ணுவதில்லை.

நூலைப் பேப்பரில் சுருட்டி எறிந்துவிடலாம். துணி ஈரமாகிவிட்டது, மாற்றினேன் என்று சொன்னால் நம்பிவிடுவார். அவர் வெளியே போய்த் தேடிக் கொண்டுவந்த துணி அது. ஆனால் மீதி நூல் இன்னும் வயிற்றில் இருக்குமோ, டாக்டருக்குச் சொல்ல வேண்டுமே என்ற எண்ணம் வந்ததும் அவரை எழுப்பினேன்.

"ஏனுங்க, எந்திரிங்க. போட்டிருக்குதுங்க."

எழுந்து ஓடி வந்தார். நூலைக் கட்டைவிரலுக்கும் மடங்காத விரலுக்கும் நடுவில் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"லைக்ரா" என்றார்.

துணி இழுபடுவதற்காகச் சேர்க்கும் ரப்பர் நூல். மண்டியிட்டு, துண்டு துண்டாகத் துணியை எடுத்து வெளியே போட்டார். எல்லாம் எடுத்த பிறகு, கட்டிங் டேபிளைத் துடைப்பதுபோல் உள்ளங்கையால் தரை முழுவதும் தடவி, ஒட்டியிருந்த நூல்களைப் பொறுக்கினார்.

"இப்ப கீழ என்ன போடறது?"

"பழைய கோரைப்பாயி ஒண்ணு வெட்டிப் போட்டா ஆகாதுங்களா? கோரை புல்லுத்தானுங்க."

"வெட்டினா ஓரம் பிரியும். முழுசாப் போடோணும்."

சுவரோரம் கிடந்த தன் கோரைப்பாயை இழுத்து உதறினார். ஒரு பக்கத்தை மடித்ததும் மூலைக்கு அளவாக உட்கார்ந்தது. சாம்பல் குட்டியைத் தூக்கி அதன்மேல் விட்டார். அருகம்புல்லை அதன் மூக்கருகே நீட்டினார். மோந்து பார்த்தது. கடிக்கவில்லை. அவர் கையை எடுக்கவுமில்லை. நான் டாக்டரைக் கூப்பிடப் போனை எடுத்தேன்.