நாகக்கட்டிக்கு அடித்த பெயின்ற்

நான் முல்லைத்தீவுப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கணவர் கடற்றொழில் செய்பவர். போன வருடம் ஒரு ஞாயிறு காலை, படகு இஞ்சினைக் கழற்றிக்கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்திப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார். தேநீர் கொண்டுபோன நான் திடுக்கிட்டேன். தண்ணீருக்குள் இருக்கும் பகுதியில் பூட்டியிருந்த நாகக்கட்டியும், அதாவது துத்தநாகத் துண்டும், கறுப்பாக மினுங்கியது.

“இஞ்சாருங்கோ, அதுக்கேன் அடிச்சனீங்கள்? அது கரையிறதுக்கெண்டே பூட்டினது. அது கரைஞ்சாத்தான் இஞ்சின்ர அலுமினியம் தப்பும்.”

அவர் விறாந்தைச் சுவரைப் பார்த்தார். மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்காக உலோகங்களின் தாக்கவீதத் தொடரை அங்கே ஒட்டியிருந்தேன்.

“உம்மட பட்டியலிலை அலுமினியம் நாகத்துக்கு மேலையெல்லோ கிடக்கு? மேலை இருக்கிறதுதான் கெதியாத் தாக்கமடையும் எண்டு நீர்தானே சொல்லுறனீர். அப்ப அலுமினியமெல்லோ முதல் கரையவேணும்?”

எத்தனையோ வருடமாக அந்தத் தொடரைப் படிப்பிக்கிறேன். ஒரு பிள்ளைகூட இப்படிக் கேட்டதில்லை.

“பாத்துச் சொல்லுறன்” என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது.

புத்தகங்களைப் புரட்டியதில் விடை கிடைத்தது. காற்றுப் பட்டதுமே அலுமினியத்தின் மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படை ஒன்று மூடிவிடுகிறது. அதனால் கடல்நீரில் நாகம்தான் முந்திக்கொண்டு கரைகிறது. வாசித்தது எனக்குப் போதவில்லை. அவர் ஒரு போத்தலில் கடல்தண்ணீர் கொண்டுவந்தார். பழைய நாகத்துண்டையும் சட்டிமூடியில் வெட்டிய அலுமினியத் துண்டையும் கம்பியால் இணைத்து அதற்குள் தொங்கவிட்டேன்.

கடலால் வந்ததும் குளிக்கப் போகமுன் அவர் போத்தலைத்தான் பார்ப்பார். இரண்டு கிழமையில் நாகம் வெள்ளை பூத்துக் குழிவிழுந்திருந்தது. அலுமினியம் அப்படியே இருந்தது.

“ஓம், நீர் சொன்னது சரிதான்” என்று கத்தியை எடுத்துப் பெயின்றைச் சுரண்டத் தொடங்கினார்.

அடுத்த நாள் அந்தப் போத்தலை வகுப்புக்குக் கொண்டுபோய், அவருடைய கேள்வியை அப்படியே கரும்பலகையில் எழுதினேன்.

“ரீச்சர், அப்ப பட்டியல் பிழையோ?” என்றாள் ஒருத்தி.

“பிழையில்லை. அலுமினியம் சட்டை போட்டுக்கொண்டு நிக்குது” என்றேன்.

வகுப்பே சிரித்தது. மணி அடித்த பிறகும் நாலைந்து பேர் போத்தலை விட்டு நகரவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.