நான் போகாத கொடிப்பாலம்

இது 2005ஆம் ஆண்டில் மொன்றியலில் நடந்தது. அப்போது எனக்கு நாற்பத்துநான்கு வயது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் மன்னாரில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிடுவதற்குப் பத்திரங்கள் கொடுத்துவிட்டு, பதில் வரும்வரை நான் தனியே ஓர் அறையில் இருந்தேன். டவுன்டவுனில் ஒரு ஜப்பானிய உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை.

ஊரில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயிலின் நிலவறையில் எல்லோரும் தேத்தண்ணி குடிப்பார்கள். வீடு வாங்கினதும் லூர்து போனதும் பாரிஸ் போனதும் கதைப்பார்கள். நான் சுவரோரம் கோப்பியோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

உணவகத்தின் தலைமைச் சமையல்காரர் அறுபது வயதுக்காரர். ஜப்பானில் இயா என்ற மலைப் பள்ளத்தாக்கில் பிறந்தவர். மதிய வேலை முடிந்து மாலை வேலை தொடங்குமுன் எங்களுக்கு ஒரு மணித்தியாலம் ஓய்வு கிடைக்கும். அப்போது இரண்டு பேருக்கும் தேநீர் ஊற்றிவைத்து அவர் ஊரைப் பற்றிச் சொல்வார். அவருடைய ஆங்கிலமும் உடைசல், என்னுடையதும் உடைசல். அதனால்தானோ என்னவோ, எனக்கு அவரோடு மட்டும் கூச்சம் வரவில்லை. ஒவ்வொரு வருடமும் அவருடைய தங்கை அந்த ஊர்ப் படங்கள் போட்ட கலண்டரும், சுற்றுலா வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகங்களும் அனுப்புவார். குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் கலண்டர் தொங்கும். புத்தகங்களில் எனக்கு எழுத்து விளங்காது. படங்களைத்தான் பார்ப்பேன்.

பார்த்துப் பார்த்தே அந்த ஊர் எனக்குப் பாடமாகிவிட்டது. ஆற்றுக்கு மேலே காட்டுக்கொடிகளால் பின்னிய பாலம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை பழைய கொடியைக் கழற்றிவிட்டுப் புதிதாகக் கட்டுவார்களாம். வெந்நீர் ஊற்று ஒன்று மலையின் அடியில் இருக்கிறது. சின்னப் பெட்டி வண்டியில் உட்கார்ந்து செங்குத்தாக இறங்கி ஆற்றங்கரையில் குளிக்கலாம். இன்னோர் இடத்தில் செங்குத்துப் பாறையின் விளிம்பில் ஒரு சிறுவனின் சிலை பள்ளத்தைப் பார்த்து ஒன்றுக்குப் போய்க்கொண்டு நிற்கிறது. அந்தப் படத்தைக் காட்டும்போதெல்லாம் சமையல்காரர் சிரிப்பார். கிழங்கையும் தோஃபுவையும் மூங்கில் குச்சியில் குத்தி நெருப்புச் சுற்றிவர நட்டு வாட்டுவதைச் சொல்லும்போது மட்டும் அவருக்குக் கண் கலங்கும்.

அந்த வருடம் ஜனவரியில் உணவகத்தைத் திருத்துவதற்காக மூன்று கிழமை பூட்டினார்கள். சமையல்காரர் ஊருக்குப் போனார். நான் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு கல்லூரியில் தரை துடைக்கப் போனேன். மொன்றியல் தீவின் மேற்கு முனை அது, போகவும் வரவும் நெடுநேரம் எடுக்கும். ஞாயிறும் வேலை. மூன்று ஞாயிறு பூசைக்குப் போகவில்லை.

நாலாவது ஞாயிறு போனபோது, நிலவறையில் ஒருவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"எங்கையப்பா, மூண்டு கிழமையா ஆளைக் காணேல்லை?"

கோப்பை கழுவுகிறவன் தரையும் துடைக்கப் போனேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பக்கத்தில் நின்றவர் பகிடி விட்டார்.

"ஜப்பான்காரரோடை வேலையெல்லோ. ஜப்பானுக்கே போட்டு வாறார் போலை!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் "ஓம்" என்றேன்.

"என்னது, உண்மையாவோ?"

"சமையல்காரர் கூட்டிக்கொண்டு போனவர். அவரின்ரை ஊருக்கு."

"பாரன்! கோப்பை கழுவிக் கழுவியே மனுசன் உலகம் சுத்துது!"

மறுபடியும் சிரித்தார்கள். ஆனால் இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. ஒருவர் எனக்குக் கதிரை இழுத்துப் போட்டார். நான் கொடிப்பாலத்தைச் சொன்னேன், வெந்நீர் ஊற்றைச் சொன்னேன். சிலையைச் சொன்னபோது பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் வாழ்நாளில் அத்தனை பேர் நான் கதைப்பதைக் கேட்டது அன்றுதான். அது எவ்வளவு இனித்தது என்பதை நினைத்தால் இப்போதும் முகத்தை எங்கே வைப்பது என்று தெரிவதில்லை.

கூட்டத்தில் நகரின் மேற்குப் புறமான பியர்பொன்ட்ஸிலிருந்து வரும் ஓர் அக்கா இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் தன் கணவரின் சப்பாத்தையும் கனத்த மேலங்கியையும் கொண்டுவந்து தந்தவர். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, என்ரை மகனும் அங்கைதான் பள்ளிக்கூடமொண்டிலை இங்கிலீஷ் படிப்பிக்கிறான். சிக்கோக்கு எண்ட தீவு. நீங்கள் போன இடம் எந்தப் பக்கம்?"

இயாவும் அந்தத் தீவில்தான் இருக்கிறது. அதைச் சமையல்காரர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அந்த இடத்தில் நான் எழும்பிப் போயிருக்கலாம். "அதுதான் அக்கா" என்றேன்.

அதற்குப் பிறகு அந்தப் பொய் என் கையில் இருக்கவில்லை. மகனைப் பார்த்து இரண்டு வருடமாகிறது என்றும், ஒக்டோபரில் அவரும் அவர் கணவரான அண்ணையும் போகப்போகிறார்கள் என்றும் அக்கா சொன்னார். மகனின் பள்ளிக்கூடத்தில் அப்போது விளையாட்டுப் போட்டி நடக்கும். ஆசிரியர்களும் பிள்ளைகளோடு சேர்ந்து ஓடுவார்களாம். "அவன் ஓடுறதை நான் பார்க்கவேணும் தம்பி. சின்னனிலை ஒரு போட்டியிலும் ஓடமாட்டன் எண்டு அழுதவன்" என்றார். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கொப்பியோடு வந்து என்ன பார்க்கலாம், என்ன சாப்பிடலாம் என்று கேட்டு எழுதினார். நானும் கலண்டரைக் கண்ணுக்குள் விரித்துவைத்துக்கொண்டு சொன்னேன்.

செப்டம்பரில் ஒருநாள் தொலைபேசியில் கேட்டார்.

"தம்பி, எனக்கு முழங்கால் ஒப்பரேசன் செய்தது தெரியும்தானே. அந்தக் கொடிப்பாலத்திலை நான் நடப்பனே?"

"ஒரு பயமும் இல்லை அக்கா. ரெண்டு பேர் கைகோத்துக்கொண்டு நடக்கலாம். நான் அங்காலை போய், ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு, அதாலையே திரும்பி வந்தனான்."

கலண்டர்ப் படத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டு பாலத்தில் நின்றாள். அதை வைத்துத்தான் சொன்னேன்.

ஒரு வியாழக்கிழமை அவர்களுக்கு விமானம். அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை ஓய்வு நேரத்தில், எனக்கு மனது கேட்காமல், தெரிந்தவர்கள் சிலர் உங்கள் ஊருக்குப் போகிறார்கள் என்று சமையல்காரரிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. முழங்கால் சரியில்லாத ஒரு பெண் பாலத்தில் நடக்கலாமா என்று கேட்டேன். உடனே கையை ஆட்டி மறுத்தார். இரண்டு விரலை அகட்டிக் காட்டினார். பிறகு அது போதாது என்று தன் சப்பாத்துக் காலைத் தூக்கிக் காட்டினார். காலடியில் போட்ட தடிகளுக்கு இடையில் கால் போகிற அளவு இடைவெளி இருக்கிறது, கீழே ஆறு தெரியும், பாலம் முழுக்க ஆடும். அவருடைய அம்மாவே வயதான பிறகு அதில் ஏறவில்லையாம். கரையில் நின்று பார்த்தால் போதும், பக்கத்தில் நல்ல நீர்வீழ்ச்சி இருக்கிறது, அதைப் பார்க்கச் சொல் என்றார்.

சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு தொலைபேசி இருந்தது. கூடம் வெறுமையாக இருந்தது. நான் போய் எடுத்தேன். அக்காவின் இலக்கம் எனக்கு மனப்பாடம். கடைசி இலக்கம் மட்டும் மிச்சம் இருந்தபோது என் விரல் நின்றுவிட்டது. நீங்கள் நடந்த பாலம்தானே தம்பி, இப்போது ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? ஞாயிற்றுக்கிழமை நிலவறையில் அந்தப் பகிடிக்காரர் என்ன சொல்வார்? தொலைபேசியை வைத்துவிட்டு வந்து கோப்பை கழுவினேன்.

"உங்கடை முழங்காலுக்கு வேண்டாம் அக்கா, கரையிலை நிண்டு பாருங்கோ" என்று மட்டும் சொல்லியிருக்கலாம். பொய்யும் அப்படியே இருந்திருக்கும், அக்காவும் தப்பியிருப்பார். அந்த எளிய வழி பயத்தில் எனக்குத் தோன்றவில்லை. புதன்கிழமை முழுவதும் நேரம் இருந்தது. புதன்கிழமையும் நான் எடுக்கவில்லை.

பத்து நாள் பயணம் அது. இரண்டாம் நாளே மகன் அவர்களைப் பாலத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறான். பாதித் தூரத்தில் அக்காவின் கால் வழுக்கித் தடிகளுக்கு நடுவே முழங்கால்வரை இறங்கிவிட்டது. இழுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பின்னால் வந்தவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். இரண்டு ஆட்கள் கொடியைப் பிடித்துக்கொண்டு வந்து தூக்கி எடுத்தார்களாம். கணுக்காலில் எலும்பு வெடித்திருந்தது. மிச்ச நாட்களை மகனின் சின்ன அறையில் படுத்தே கழித்தார். விளையாட்டுப் போட்டியன்று, அண்ணை மட்டும் போனால் அக்கா தனித்துப்போவார் என்று இருவருமே போகவில்லை. மகன் ஓடினதை அவர்கள் பார்க்கவில்லை.

செய்தி கேட்டு நான் பழமும் வாங்கிக்கொண்டு பியர்பொன்ட்ஸுக்குப் போனேன். பேருந்தில் நெடுநேரம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். உள்ளே போனபோது கூடத்தில் கோயில் ஆட்கள் ஆறேழு பேர் இருந்தார்கள். அக்கா காலை நீட்டிக்கொண்டு நீள்கதிரையில் இருந்தார். பகிடிக்காரர் என்னைக் கண்டதும் கேட்டார்.

"என்ன ஐசே, அங்கை போட்டு வந்த ஆள் நீர். ஓட்டை இருக்கெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக் கூடாதே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பழப் பையைப் பிடித்தபடி நின்றேன். அக்கா முந்திக்கொண்டார்.

"அவர் சொன்னவர். கவனமாப் போங்கோ எண்டு சொன்னவர். நான்தான் படம் எடுக்கிற அவசரத்திலை பார்க்காமல் காலை வைச்சனான்."

அதோடு கதை வேறு பக்கம் திரும்பிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் மற்றவர்கள் சாப்பிட எழும்பிப் போனார்கள். அக்கா என்னை இருக்கச் சொன்னார். குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அந்தப் பாலத்திலை ஒரு பக்கத்தாலை மட்டும்தான் விடுவினம். அதாலை திரும்பி வர ஏலாது. வேறை பாலத்தாலைதான் சுத்தி வரவேணும். மகன் பலகையை வாசிச்சுச் சொன்னவன்."

நான் குனிந்தபடி இருந்தேன்.

"நீங்கள் போகேல்லை, என்ன?"

"இல்லை அக்கா."

"எனக்கு அங்கையே விளங்கீட்டுது. அது பரவாயில்லை. ஆக்கள் உங்களைப் பகிடி பண்ணுறதை நானும் பார்க்கிறனான்தானே. ஆனால் நான் கேட்ட அண்டைக்கு, எனக்குத் தெரியாது அக்கா எண்டு சொல்லியிருக்கலாம். நீங்கள் தெரிஞ்சுகொண்டு செய்திருக்க மாட்டியள். தெரிஞ்சிருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பியள், என்ன?"

அவர் என் முகத்தையே பார்த்தார். அதில் கோபம் இல்லை. எனக்கு ஒரு வாசலைத் திறந்துவைத்து, வா என்று கூப்பிடுவதுபோல் இருந்தது.

"ஓம் அக்கா" என்றேன்.

என் கையில் தட்டிவிட்டு, போய்ச் சாப்பிடுங்கோ என்று அனுப்பினார். நான் சாப்பிட்டேன். மீன்குழம்பு வைத்திருந்தார்கள். இரண்டாம் முறையும் போட்டார்கள், வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் அதையும் சாப்பிட்டேன்.

மறுநாள் வேலையில் சமையல்காரர் ஆவலோடு கேட்டார், உன் ஆட்கள் என் ஊரைப் பார்த்தார்களா, எப்படி இருந்ததாம் என்று. நல்லாயிருந்ததாம் என்றேன். அவர் அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தார்.

இரண்டு வருடம் கழித்து மனைவியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். அக்கா தன் வீட்டில் எங்களுக்கு விருந்து வைத்தார். என் மகளுக்கு ஒரு குளிர்மேலங்கி கொடுத்தார். லேசாக நொண்டித்தான் நடக்கிறார், குளிர் கூடினால் கால் இழுக்கும் என்பார். நான் ஜப்பானுக்குப் போகவில்லை என்பதை இன்றுவரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் மட்டும் நான் எல்லாவற்றையும் சொன்னேன், தொலைபேசியை எடுத்து வைத்ததையும். அவள் "நேரை போய்ச் சொல்லுங்கோ" என்றாள். எத்தனையோ ஞாயிறுகள் அக்காவின் பக்கத்தில் போய் நின்றிருக்கிறேன். வாய் வரவில்லை.

அக்கா இந்த இதழை வாங்கி வாசிப்பவர். பெயர் போடாவிட்டாலும் முதல் பத்தியிலேயே என்னைக் கண்டுகொள்வார். தெரியாமல் பொய் சொன்ன ஒருவனைத்தான் அவர் அன்று மன்னித்தார். எனக்குத் தெரிந்திருந்தது அக்கா, இரண்டு நாள் முன்னமே தெரிந்திருந்தது, அந்த மன்னிப்பை இத்தனை காலமும் நான் களவாகத்தான் வைத்திருந்தேன்.