பின்சீட்டில் படுத்து வந்தவரின் கார்

அண்ணன் பழைய கார் வாங்கப் போகிறான் என்றால் கூடப் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டியது நான்தான். நான் மெக்கானிக் இல்லை. பத்து வருடம் டிராவல்ஸ் வண்டி ஓட்டியவன், அவ்வளவுதான். போன வருடம் ஐப்பசியில் கோவில்பட்டியிலிருந்து நானும் அண்ணனும் மதினியும் புதியம்புத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போனோம். பன்னிரண்டு வருடம் ஓடிய டீசல் செடான் ஒன்று அங்கே விலைக்கு இருந்தது.

விற்பவர் ஐம்பது வயதை ஒட்டிய ஓர் அக்கா. ரெடிமேட் துணி தைக்கும் இடத்தில் வேலை; எங்களுக்காக அன்று லீவு போட்டிருந்தார். கணவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கடைசி இரண்டு வருடம் அவருக்குத் தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் வைத்தியம். பஸ்ஸில் ஏற முடியாத நிலை வந்ததும், அதுவரை கணவர் ஓட்டிய காரை இந்த அக்கா ஓட்டப் பழகியிருக்கிறார்.

வழக்கம்போல நான் மைலேஜ் கேட்டேன். கணக்குப் பார்த்ததில்லை என்றார். பிறகு அவராகவே சொன்னார்:

"வண்டி அதிராது தம்பி. அவிய பின்சீட்டுல படுத்தேதான் வருவாவ. குழியில இறங்குனாக்கூட முனங்க மாட்டாவ. ஆனா அடி ரொம்பத் தணிவு, வேகத்தடையில தட்டும். அதுக்காவ நான் சுத்து ரோட்டுலதான் போவேன்."

ஏசி குளிரப் பத்து நிமிடம் ஆகும், கணவருக்குக் குளிர் ஆகாது என்பதால் பழுது பார்க்கவில்லை என்றார். இடது பின்கதவு உள்ளிருந்து திறக்காது. "எப்படியும் நான்தான இறங்கி வந்து திறந்து விடுவேன்" என்றார். விற்பவர்கள் மறைப்பதைத் தேடியே பழகிய எனக்கு, இப்படி எல்லாவற்றையும் எடுத்து முன்னால் வைத்தது கூச்சமாக இருந்தது. அண்ணனுக்கோ சந்தேகம். இவ்வளவு சொல்கிறவர் பெரிதாக எதையோ மறைக்கிறாரோ என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டான்.

ஓட்டிப் பார்க்கப் புறப்பட்டோம். அண்ணன் ஓட்டினான், பக்கத்தில் நான், பின்னால் மதினியும் அக்காவும். முந்தின நாள் நல்ல மழை. எதிரே மினிபஸ் வந்ததும் அண்ணன் தார் ரோட்டை விட்டுச் சட்டென்று கரிசலில் இறக்கிவிட்டான். இடது சக்கரங்கள் புதைந்தன. பதற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க, சக்கரம் சேற்றை வாரி அடித்துக்கொண்டு இன்னும் இறங்கியது. நான் இறங்கித் தள்ளினேன். என் செருப்புதான் மாட்டிக்கொண்டது.

"அண்ணாச்சி, நீங்க இறங்குங்க. நான் எடுக்கேன்" என்றார் அக்கா.

ஸ்டியரிங்கை நேராக்கி, இரண்டாவது கியரில் மெல்ல முன்னால் நகர்த்தினார், பிறகு பின்னால், மறுபடி முன்னால். நானும் அண்ணனும் தள்ள, மூன்றாவது முறையில் கார் ரோட்டில் ஏறியது. திரும்பும்போது அவரே ஓட்டினார். மதினி முன்சீட்டுக்கு வந்துவிட்டாள். ஓட்டப் பழக எத்தனை நாள் ஆனது என்று அவரிடம் கேட்டாள்.

"இருவது நாளு. மொத வாரம் அழுதுக்கிட்டேதான் ஓட்டுனேன். அவிய படுத்த மேனிக்கே இஞ்சின் சத்தத்தக் கேட்டு, கியர மாத்து, கியர மாத்தும்பாவ."

அண்ணன் சட்டையில் தெறித்திருந்த கரிசல் சேற்றைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

கிளட்ச் பிளேட்டும் இரண்டு டயரும் மாற்ற வேண்டும், இஞ்சின் நன்றாக இருக்கிறது, தாராளமாக வாங்கலாம் என்று சொன்னேன். அண்ணனும் அங்கேயே விலையைப் பேசி முடித்தான். சாவியைக் கொடுக்கும்போது அக்கா அழுவார் என்று நான் நினைத்தேன். அவர் டிக்கியிலிருந்து ஒரு தலையணையையும் போர்வையையும் எடுத்துக் கொடியில் போட்டார். வேலைக்குக் கம்பெனி வேன் வந்துவிடுகிறது, கார் சும்மா நின்றால் எலி வயரைக் கடித்துவிடும் என்றார். எங்களுக்குக் காபி போட உள்ளே போனார்.

கார் வாங்கியது அண்ணன். இப்போது அதிகம் ஓட்டுவது மதினி. அவளுக்கு ஓட்டப் பழக இருபது நாள் போதவில்லை, இரண்டு மாதம் ஆனது. பக்கத்தில் உட்கார்ந்து அண்ணன் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருப்பான். போன மாதம் புதியம்புத்தூருக்குத் துணி எடுக்கப் போன மதினி, வேலை முடிந்து வெளியே வந்த அக்காவைப் பார்த்து ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விட்டாளாம். கார் பற்றி ஏதாவது கேட்டாரா என்றேன். இல்லையாம். தீபாவளி ஆர்டரில் சட்டைக் காலர் தைத்துத் தைத்துத் தோள் வலிப்பதைத்தான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாராம்.