விளக்கு வெச்ச பிறகு விற்காத உப்பு

சலசலவென்று கேட்டால் நல்ல சரக்கு. 'தொப்'பென்று ஒரே கட்டியாய் விழுந்தால் சரக்கு போச்சு. குளியல் உப்புத் தொழிலில் கண்ணைவிடக் காதுதான் பெரியது. பழுப்புக் காகித உறைக்குள் இருப்பது வெளியே தெரியாது. காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்துத்தான் ஈரம் ஏறிவிட்டதா என்று கண்டுபிடிக்க வேண்டும்.

என்னைப் போல ராத்திரி விழித்துப் பகலில் புரண்டு படுக்கிற ஜீவன்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். வில்லியனூர்ப் பக்கம் ஒரு கம்பெனி கேட்டில் பதினோரு வருஷமாக ராத்திரி செக்யூரிட்டி. விடிந்து வீட்டுக்கு வந்தால் கால் வீங்கியிருக்கும். தூக்கம் வராது, கண்ட நினைப்பெல்லாம் வரும். உங்களுக்குத் தெரியாததா? ஒருநாள் போனில் பார்த்த வீடியோவை நம்பி, மரக்காணத்துக் கல்லுப்பு, எப்சம் உப்பு, வெட்டிவேர் எண்ணெய் நாலு சொட்டு எல்லாம் கலந்து வெந்நீரில் காலை வைத்தேன். அன்றைக்கு நாலு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கினேன். உப்பு தூங்க வைத்ததா, வெந்நீரா, சும்மா உட்கார்ந்ததா என்று கேட்டால் இன்றுவரை தெரியாது.

பாகூரில் சித்ரா அக்காவின் மளிகைக் கடையில் முப்பது பொட்டலம் வைத்தேன். ஒரு மாதத்தில் போய்விட்டால் இன்னும் நாலு கடைக்குக் கொண்டுபோகலாம், வாரத்தில் இரண்டு ராத்திரியாவது வீட்டில் படுக்கலாம். போகாவிட்டால் இந்தப் பித்தை விட்டுவிடுவதாக வீட்டுக்காரியிடம் சத்தியம் செய்திருந்தேன்.

தொட்டி

முதல் லேபிளை வீடியோவில் கேட்டபடியே எழுதியிருந்தேன்: 'குளியல் தொட்டியில் இரண்டு கை போடவும்.' எங்கள் தெருவில் பால் ஊற்றும் அம்மா ஒன்று வாங்கிப் போனாள். மறுநாள் பால் செம்போடு வாசலில் நின்று கூப்பிட்டாள். நான் அப்போதுதான் கண்ணை மூடியிருந்தேன்.

"இன்னா தம்பி, தொட்டியில போடச் சொல்லிக் கீற? எங்க வூட்ல தொட்டின்னா மாடு தண்ணி குடிக்கிற தொட்டிதான். மாட்டுக்கு ஒண்ணும் ஆவாதே?"

தொட்டியை அடித்துவிட்டு 'பக்கெட்' என்று எழுதினேன். அவள் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "பக்கெட்டுன்னா சரி. அது ஒண்ணுதான் எங்க வூட்ல எனக்குன்னு கீது."

பேதி

டீக்கடையில் ஒரு ரிட்டயர்டு பஸ் டிரைவர். பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தவர் முகம் மாறியது. "எப்சமா? டேய், இது பேதி உப்புடா. சின்ன வயசுல வருஷத்துக்கு ஒருக்கா எங்கப்பா மூக்கைப் புடிச்சு ஊத்துவாரு. அன்னிக்கெல்லாம் கொல்லையிலதான் குடித்தனம்."

"குடிக்கிறதுக்கு இல்ல அண்ணே, கால் ஊற வெக்கத்தான்" என்றேன். எதிரே காலை ஊற வைத்துக் காட்டக்கூடத் தயாராக இருந்தேன். அவர் பொட்டலத்தை இரண்டு விரலால் என் பக்கம் தள்ளினார்.

"நாளைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போவணும்பா. கால் வழியா உள்ள ஏறி வேலையக் காட்டாதுன்னு இன்னா கேரண்டி?"

லட்சுமி

மூன்று வாரம் கழித்து, டியூட்டிக்குப் போகும் வழியில் பாகூரில் இறங்கினேன். முப்பதில் இருபத்தெட்டு அப்படியே இருந்தது. ஒவ்வொன்றாகக் காதில் வைத்து ஆட்டினேன். சரக்கில் குற்றமில்லை. பையில் திரும்ப அடுக்க ஆரம்பித்தேன். மிச்சமிருக்கும் ஒரு வாரத்தில் இருபத்தெட்டா போகப்போகிறது? சத்தியம் சத்தியம்தான்.

அப்போது நடவு முடிந்து வேனிலிருந்து இறங்கியவர்களில் ஒருத்தி கடைக்கு வந்தாள். பேர் அஞ்சலை. கால் வெடிப்புக்குள் இருந்த சேறு கழுவியும் போகவில்லை. "சித்ராக்கா, அந்தக் கால்ல போடுற உப்பு ஒண்ணு குடு."

"விளக்கு வெச்சுட்டேன்டி. உப்பு தர மாட்டேன். காலைல வா."

"காலைல அஞ்சரைக்கே வேன் வந்துடுது. நீ ஏழு மணிக்குக் கடை தொறக்கிற. தெனமும் இதையேதான் சொல்ற."

தினமுமா! என் உப்பு தேவைப்படுகிறவர்கள் எல்லாரும் வருவது பொழுது சாய்ந்து. பொழுது சாய்ந்தால் உப்பு வெளியே போகக் கூடாது. நான் பாய்ந்தேன். "அக்கா, இது சமையல் உப்பே இல்ல!"

சித்ரா அக்கா கல்லாவுக்கு மேலே எரிந்த விளக்கைக் காட்டினாள். "பெரிய எழுத்துல உப்புன்னு நீதானே எழுதிக் கீற? லட்சுமி இன்னா படிக்கத் தெரியாதவளா?"

கல்லு

அஞ்சலை என்னையும் பார்த்தாள், விளக்கையும் பார்த்தாள், பொட்டலத்தை எடுத்து ஆட்டினாள். சலசல. "சரிக்கா, உப்பு வேணாம். அந்தக் கால்கல்லு ஒண்ணு குடு."

சித்ரா அக்காவுக்கு உதடு துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு மார்க்கரை என் பக்கம் உருட்டினாள். நான் அங்கேயே குனிந்து இருபத்தெட்டிலும் 'குளியல் உப்பு' என்பதை அடித்து, 'கால்கல்லு' என்று எழுதினேன். வெடிப்பில் ரத்தம் இருந்தால் போட வேண்டாம் என்றும் கீழே சேர்த்தேன். பஸ்ஸை விட்டேன், டியூட்டிக்கு அரைமணி லேட்.

அடுத்த வாரம் போனபோது மூன்றுதான் மிச்சம். அஞ்சலையும் இருந்தாள். கால் எப்படி என்று கேட்டேன். வெடிப்பெல்லாம் அப்படியேதான் கீது, தோலு கொஞ்சம் மெத்துன்னு ஆயிருக்கு, அவ்வளவுதான் என்றாள். என் முகம் தொங்கியதைப் பார்த்திருப்பாள்போல.

"அதுக்கு ஏன்பா மூஞ்ச அப்படி வெச்சுக்கற? கால் ஊறுதுன்னு சொல்லி உக்காந்துக்கினா, எங்க வூட்டு ஆளு அரைமணி நேரம் ஒரு வேலை சொல்றதில்ல. அதுக்கே இன்னொண்ணு குடு."

இப்போது செவ்வாயும் வெள்ளியும் ராத்திரி வீட்டில்தான் படுக்கிறேன். பழக்கதோஷத்தில் ராத்திரித் தூக்கம் மட்டும் இன்னும் வரவில்லை, ஆனாலும் உப்பை உப்பென்று சொல்லாமல் விற்கக் கற்றவனுக்கு அதுவும் ஒருநாள் வசப்படும் என்று நினைத்தபடி, நாளைக்குப் புதுக் கடைகளுக்குப் போக வேண்டிய நாற்பதில் அடுத்ததை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டுகிறேன்.