பிளாஸ்டர் ரூமில் நான் சொல்ல மறுத்த பொய்

முப்பத்தொரு வருடம் பிளாஸ்டர் ரூமில் வேலை செய்தேன். அத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் என்னிடம் விளக்கக் கடிதம் கேட்டார்கள். மாவுக்கட்டை இறுக்கிப் போட்டதற்காக இல்லை. வெட்டும்போது தோலைக் கீறியதற்காகவும் இல்லை. பதினொரு வயதுப் பிள்ளை ஒன்றிடம் உண்மையைச் சொன்னதற்காக. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் வாசிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்க எழுதவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1. வலது காலைப் பார்

கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். டொக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்வார், நான் பிளாஸ்டர் போடுவேன். எலும்பு பொருந்தியதும் வெட்டி எடுப்பதும் நான்தான்.

சைக்கிளில் விழுந்த பிள்ளைகள் அதை லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "படியில விழுந்தனான்" என்பார்கள். "கிரிக்கெட் பந்து பட்டது" என்பார்கள். வெள்ளவத்தைக் கால்வாய்க்குள் சைக்கிளோடு பாய்ந்த ஒருவன், தலைமுடியில் பாசி தொங்க, "கோயில்ல வழுக்கிட்டுது அங்கிள்" என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. காரணம் என்னவென்றால், ஓடியது பக்கத்து வீட்டுச் சைக்கிளாக இருக்கும். இல்லாவிட்டால் ஒரு சைக்கிளில் மூன்று பேர் ஏறியிருப்பார்கள்.

நான் ஒன்றும் கேட்க மாட்டேன். வலது கெண்டைக்காலைப் பார்ப்பேன். செயின் இருப்பது வலது பக்கம். விழுந்தவன் காலில் கிரீஸ் பல்லுப் பல்லாகக் கறுப்பாகப் பதிந்திருக்கும். பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து அதைத் துடைத்துவிட்டுத்தான் தாயை உள்ளே கூப்பிடுவேன். ஏற்கெனவே கை முறிந்து கிடக்கிற பிள்ளை, அதற்கு மேல் அடியும் வாங்க வேண்டுமா? இது தவறு என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். எத்தனை கால்களைத் துடைத்தேன் என்று எனக்கே தெரியாது.

2. வைஷ்ணவி

நான் ஓய்வுபெற்ற பிறகும் வருடத்துக்கு வருடம் கொன்ட்ராக்டில் வைத்திருந்தார்கள். அப்போதுதான் வைஷ்ணவி வந்தாள். வெள்ளவத்தைப் பிள்ளை, தகப்பன் எஞ்சினியர். மரைன் டிரைவ் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் பிரேக் பிடிக்காமல் போய் ஒரு கேற்றில் மோதியிருக்கிறாள். இடது முன்கையில் கிரீன்ஸ்டிக். அதாவது எலும்பு முழுதாக உடையவில்லை, பச்சைத் தடி முறிவதுபோல ஒரு பக்கம்தான் முறிந்திருந்தது. "ஆறு கிழமையில, ஒண்டரை மாசத்தில, கை பழையபடி வந்திடும்" என்று டொக்டர் தகப்பனிடமே சொன்னார்.

காலைத் துடைக்கப் போனேன். "வேண்டாம் அங்கிள், நான் சொல்லிட்டன்" என்றாள். எனக்கு அவளை அந்த நிமிடமே பிடித்துப்போனது.

நான் பண்டேஜை நனைக்கும்போது தகப்பன் என்னைக் கதவுக்கு வெளியே கூப்பிட்டார்.

"அண்ணை, ஒரு உதவி. இந்தக் கையால இனிச் சைக்கிள் ஓட ஏலாதெண்டு அவளிட்டச் சொல்லிவிடுங்கோ. நான் சொன்னாக் கேக்கமாட்டாள். நீங்கள் சொன்னா நம்புவாள்."

"டொக்டர் அப்பிடிச் சொல்லேல்லையே சேர்."

"அது எனக்கும் தெரியும். நாளைக்குக் காலிக்குப் போற பெரிய வீதியில ஏறினாளெண்டா? அந்த பஸ்காரங்கள் ஓடுற ஓட்டத்தைப் பாத்தனீங்கள்தானே? எனக்கு ஒரே ஒரு பிள்ளை, அண்ணை."

மனிதரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சேர், சைக்கிளைப் பூட்டி வையுங்கோ. இல்லாட்டி வித்துப்போடுங்கோ. தகப்பன் நீங்கள், நான் ஒண்டும் கதைக்க மாட்டன். அவளின்ர கை பழுதெண்டு மட்டும் என்ர வாயால வராது."

அவர் விடவில்லை. உள்ளே வந்து, "அம்மா, இனி ஓடலாமோ எண்டு அங்கிளையே கேள்" என்று என்னை மாட்டிவிட்டார். "ஓடலாமோ அங்கிள்?" என்று பிள்ளை என்னைப் பார்த்தாள்.

"ஆறு கிழமை பிளாஸ்டர். பிறகு கொஞ்ச நாள் எக்சசைஸ். அதுக்குப் பிறகு உன்ர கை எல்லாம் செய்யும், சைக்கிளும் ஓடும். பிரேக்கைப் பாத்து ஓடு" என்றேன்.

அடுத்த நாளே முறைப்பாடு வந்துவிட்டது.

3. ஒரு வரி

மேனேஜர் மிஸ் நல்ல மனுஷி. கதவைச் சாத்திவிட்டுத்தான் கதைத்தார்.

"பிள்ளையைத் தகப்பனுக்கு எதிராத் தூண்டிவிட்டீங்களாம். அவர் பெரிய கொம்ப்ளெய்ன் போட்டிருக்கார். மன்னிக்கவும் எண்டு ஒரு வரி எழுதுங்க, முடிஞ்சுது. உங்கட கொன்ட்ராக்ட் அடுத்த மாசக் கடைசியில முடியுது, ஞாபகம் இருக்குத்தானே?"

ஞாபகம் இல்லாமலா? ஆனால் எனக்கு வேறொன்றும் ஞாபகம் இருந்தது. கொட்டாஞ்சேனையில் பத்து வயதில் வாடகைச் சைக்கிள் எடுத்து, குறுக்குப் பாருக்குக் கீழே காலை விட்டு ஓடி, இறக்கத்தில் ஒரு தெம்பிலி இளநீர் வண்டிக்குள் போய்ச் சொருகினேன். கை முறிந்தது. "இந்தக் கை இனி ஹாண்டில் பிடிக்காது" என்று வீட்டில் சொன்னார்கள். நம்பினேன். கூட்டாளிகள் எல்லாரும் ஓட, நான் பின்னால் நடந்தே போனேன். இந்த வேலைக்கு வந்த பிறகுதான் என் கையையே ஒருநாள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன். எலும்பு அருமையாகப் பொருந்தியிருந்தது. நான் அடங்கி இருப்பதற்காகச் சொன்ன பொய் அது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் ஆறவில்லை.

மிஸ்ஸிடம் அதைச் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். "அதெல்லாம் சரி, ஒரு வரிதானே?"

வீட்டில் மனைவியும் அதையே கேட்டாள். "ஒரு வரி எழுதினாக் கை தேஞ்சு போயிடுமா? உங்களுக்கு உங்கட வாய்தான் எதிரி."

மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். "பிள்ளை கேட்டாள். டொக்டர் சொன்னதையே சொன்னேன். நாளைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்."

கொன்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை.

என்னுடைய கடைசிக் கிழமையில் வைஷ்ணவி பிளாஸ்டர் வெட்ட வந்தாள். தகப்பன் வரவில்லை, தாய்தான் கூட்டிவந்தார். கட்டின் மேல் பேனையால் சின்னச் சின்னக் கோடுகள், நாளுக்கு ஒன்றாக. அதன்மேல் பிளாஸ்டர் வெட்டும் வாளை ஓட்ட எனக்கு மனம் வரவில்லை, பக்கவாட்டில் வெட்டினேன். கை மெலிந்து வெள்ளையாக வெளியே வந்தது.

"இவவின்ர அப்பா சைக்கிளை வித்துப்போட்டார்" என்று தாய் மெதுவாகச் சொன்னார்.

வித்துப்போடுங்கோ என்று சொன்னவனும் நான்தானே. பஞ்சை எடுத்து, கையில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துவிட்டேன்.

பிள்ளை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, இறுக்கி, விரித்துப் பார்த்தாள்.

"பரவாயில்ல அங்கிள். சைக்கிள்தானே போனது, கை இருக்கே" என்றாள்.