மதிலுக்குப் பின்னால் இருந்த பச்சை

ஆம்பூர் பைபாஸ் ஓரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றை விளம்பரத்துக்காக ட்ரோனில் படம்பிடிக்கப் போயிருந்தேன். உள்ளே ஒரு நிக்காஹ் நடந்துகொண்டிருந்தது. கேட்டில் நின்ற காவலாளிக்கு ஒல்லியான உடம்பு. நீலச் சட்டை இன்னொருவருடையதைப் போலத் தொங்கியது. எந்தத் தண்ணீரையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். நான் கொடுத்த சீல் உடைக்காத பாட்டிலையும் திறந்து முகர்ந்தார்.

"பழகிப்போச்சு சார். தோல் கம்பெனி தண்ணி எங்க கலந்திருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

ட்ரோன் மேலே போனதும் என் திரையை எட்டிப் பார்த்தார். மண்டப மதிலுக்குப் பின்னால் உப்புப் பூத்து வெளுத்த நிலம். மட்டையில்லாத நான்கு தென்னைகள்.

"அது எங்க நிலம் சார். மூணு தபா போர் போட்டேன். ஆழம் ஜாஸ்தியானா கசப்பும் ஜாஸ்தியாவுது."

அந்த வெளுத்த நிலம் வீடியோவில் தெரியக் கூடாது என்றார் மண்டபத்துக்காரர். எடிட்டிங்கில் பச்சையாக்கினேன். ஐந்து நிமிட வேலை.

அடுத்த மாதம் வேறொரு கல்யாணத்துக்காக அங்கே போனேன். காவலாளியின் போனில் அந்த வீடியோ இருந்தது. தன் நிலம் வரும் இடத்தில் நிறுத்தி என்னிடம் காட்டினார்.

"இதுல இன்னா பயிர் சார் வெச்சிருக்கீங்க?"

கேலியா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வாய்க்கு வந்தபடி நெல் என்றேன். தலையாட்டிவிட்டு, திரையில் இருந்த நிலத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"தண்ணிக்கு இன்னா பண்ணீங்க?"